தண்ணீர் நின்ற பிறகு காவிரியில் தூண்டில்: மீன் இருக்கும் இடமும் மனிதர் இருக்கும் இடமும்

கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வேலை மாறுதலில் திருச்சிக்கு வந்தவர். ஆற்றில் தண்ணீர் ஓடிய மாதங்களில் ஞாயிறுதோறும் ரீல் தூண்டிலோடு கரைக்குப் போய் ஓரளவு மீன் பிடித்திருக்கிறார். தை பிறந்து தண்ணீர் வடிந்ததிலிருந்து எதுவும் கொத்தவில்லை. போன வாரம் ஒரு மடுவில் மூங்கில் கழியோடு உட்கார்ந்திருந்த பெரியவருக்கு மீன் விழுவதைப் பார்த்து, அவருக்குப் பத்தடி தள்ளி நின்று வீசியிருக்கிறார். இரண்டு மூன்று வீச்சுக்குள் பெரியவர் கோபத்தோடு ஏதோ சொல்லிவிட்டுக் கழியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். “ஆறு எல்லோருக்கும் பொதுதானே, நான் செய்ததில் என்ன தவறு? அந்த மீனெல்லாம் எங்கே போயிற்று?” என்பது கேள்வி. இவை இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் விடை ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தண்ணீர் குறைந்த ஆற்றில் மீனைக் கலைக்கிற காரியமும் பக்கத்தில் இருப்பவரைப் புண்படுத்துகிற காரியமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

நான் மீன்வளம் படித்தவன். முக்கொம்புக்கும் கல்லணைக்கும் இடையே காவிரியிலும் கொள்ளிடத்திலும் பல ஆண்டுகளாகத் தூண்டில் போட்டு வருகிறேன். அறிவியலில் உறுதியானதை உறுதியாகவே சொல்கிறேன். கரையில் கண்டு நானாக ஊகித்ததை ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் கலந்து படிக்க வேண்டாம்.

காவிரியில் மீன் பிடிப்பவருக்குப் பருவத்தைத் தீர்மானிப்பது வானம் மட்டுமல்ல, மேட்டூர் அணையும்தான். வழக்கப்படி ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் தண்ணீர் திறந்து ஜனவரி 28 அன்று நிறுத்துவார்கள். ஆண்டுக்கு ஆண்டு இது நகரும். 2022-ல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிறுத்திய பிறகும் குடிநீருக்காகச் சிறிதளவு விடுவார்கள். ஆனால் கரைக்குக் கரை ஓடிய ஆறு சில நாள்களில் மணல் திட்டுகளாகவும், அவற்றுக்கு நடுவே ஒல்லியான ஓடைகளாகவும், ஆங்காங்கே தேங்கிய மடுக்களாகவும் மாறிவிடும். கொள்ளிடம் இன்னும் வேகமாக வற்றும். அது வெள்ள வடிகால் என்பதால் காவிரியிலிருந்து அது பிரியும் முக்கொம்பில் மதகை அடைத்ததும் அதற்கு வரத்து இல்லை. பிப்ரவரியிலிருந்து மறுபடி தண்ணீர் வரும் வரையிலான இந்தக் காலத்தைத்தான் நான் கடைப்பருவம் என்கிறேன். நீங்கள் மழைக்காலத்தில் கற்றுக்கொண்ட எதுவும் இதற்கு அப்படியே பொருந்தாது.

மீன் எங்கும் போய்விடவில்லை. தண்ணீர் வடியும்போது ஒரு பகுதி ஓடையோடு கீழே இறங்கிவிடுகிறது. மற்றவை ஆழம் இருக்கும் இடங்களில் ஒதுங்குகின்றன: பாலத் தூண்களின் அடியில் வெள்ளம் அரித்த குழிகள், தடுப்பணைக்குக் கீழே நீர் விழுந்து தோண்டிய பள்ளங்கள், ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையை ஒட்டிய மடுக்கள், நாணலும் கோரையும் தண்ணீருக்குள் சாய்ந்து நிழல் தரும் ஓரங்கள். மணல் அள்ளிய பள்ளங்களிலும் மீன் நிற்கும். அவற்றின் ஆபத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆக, அரை கிலோமீட்டர் அகல ஆற்றில் பரவியிருந்த மீன் இப்போது ஒரு கல்யாண மண்டபம் அளவுள்ள தண்ணீருக்குள் இருக்கிறது. மீன் நெருக்கமாக இருப்பதால் எளிதாகக் கிடைக்கும் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. தண்ணீர் தெளிந்து, ஓட்டம் நின்று, கொக்கும் நீர்க்காகமும் நாள் முழுவதும் துரத்தும் இடத்தில் மீனுக்கு எச்சரிக்கை கூடிவிடுகிறது.

நேரத்தைப் பற்றியும் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. விடியற்காலைதான் தூண்டிலுக்கு உகந்த நேரம் என்பது ஓடும் தண்ணீருக்குச் சரி. பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டிய, தேங்கிய மடுவுக்குச் சரியல்ல. நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் காரணம். தண்ணீர் சூடாகச் சூடாக அது குறைவாகவே கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். இது போதாதென்று, பகலில் ஆக்சிஜனை வெளிவிடும் பாசி இரவு முழுவதும் அதை உறிஞ்சுகிறது. ஆகவே தேங்கிய மடுவில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் வேளை, சூரியன் எழுவதற்குச் சற்று முந்தைய வேளைதான். அப்போது கெண்டை வகைகள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பார்ப்பவருக்கு மீன் துள்ளி விளையாடுவதாகத் தோன்றும். அது மூச்சுத் திணறல். அந்த நிலையில் மீன் இரை எடுக்காது. வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தே பசி வரும். எனவே இந்த மாதங்களில் தேங்கிய மடுவுக்கு நான் காலை ஏழரைக்குப் பிறகுதான் போகிறேன், பத்தரைக்குள் எழுந்துவிடுகிறேன். அல்லது மாலை நான்கரைக்கு மேல் போகிறேன். லேசாக ஓட்டம் இருக்கும் ஓடைகளில் மட்டும் விடியற்காலை பலன் தரும். விராலும் குறவையும் தேளியும் இதற்கு விலக்கு. மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடக்கூடியவை என்பதால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் அவை சுறுசுறுப்பாக இருக்கும்.

உங்கள் ரீல் தூண்டிலைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பருவத்தில் அந்தப் பெரியவரின் மூங்கில் கழிக்கு ஏன் விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய ஈயக்குண்டு மிளகு அளவே இருந்திருக்கும். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, அதாவது மிதவை, ஓசையில்லாமல் தண்ணீரில் இறங்கும். நீங்கள் வீசிய கனமான ஈயம் தொப்பென்று விழும். மீனின் உடல் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு தண்ணீரின் மிகச் சிறிய அதிர்வையும் அறியும். ஓட்டமும் இரைச்சலும் உள்ள வெள்ளத்தில் அந்தச் சத்தம் அமுங்கிவிடும். அசையாத மடுவில் ஒவ்வொரு மீனுக்கும் போய்ச் சேரும். எனவே ரீல் வைத்திருந்தாலும் ஈயத்தைக் குறையுங்கள், மெல்லிய தங்கூசி (தூண்டில் நரம்பு) கட்டுங்கள், சிறிய தூண்டில் முள்ளாகப் போடுங்கள். ரோகு, மிருகாலுக்குக் கோதுமை மாவோடு கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு பிசைந்து சுண்டைக்காய் அளவு உருண்டை போதும். கெளுத்திக்கு மண்புழு. கரையில் நடக்கும்போது குதிகாலை அழுத்தி நடக்க வேண்டாம். தண்ணீர் விளிம்பில் நிற்காமல் இரண்டடி பின்னால் உட்காருங்கள். வெயில் முதுகில் அடித்தால் உங்கள் நிழல் தண்ணீரில் விழும், இடத்தை மாற்றுங்கள்.

தக்கையை எப்படிப் பார்ப்பது என்பதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அசையாத நீரில் தக்கைதான் கீழே நடப்பதைச் சொல்லும். ஜிலேபி மீன் கொத்தினால் தக்கை துடிதுடிக்கும், நிற்கும், மறுபடி துடிக்கும். உருண்டையை ஓரம் ஓரமாகக் கடித்துத் தின்கிறது என்று பொருள். அதற்குக் கழியைச் சுண்டினால் வெறும் முள்தான் வரும். மிருகால் அடியில் மேய்கிற மீன். இரையை வாயில் எடுத்துத் தலையைத் தூக்கும்போது ஈயத்தின் எடை குறைந்து தக்கை மேலே எழும்பிப் படுத்துக்கொள்ளும். மூழ்கவில்லையே என்று காத்திருந்தால் மீன் துப்பிவிடும். படுத்த கணத்திலேயே மணிக்கட்டை மட்டும் உயர்த்த வேண்டும். ரோகு எடுத்தால் தக்கை சாய்ந்து ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே மெதுவாக அமிழும். கெளுத்தி தயங்காமல் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். வெள்ளக்காலத்தில் ஓட்டமே தக்கையை ஆட்டிக்கொண்டிருப்பதால் இவற்றையெல்லாம் பிரித்துப் பார்க்க முடியாது. கற்றுக்கொள்ள ஏற்ற பருவம் இதுதான்.

இனிப் பெரியவரின் கோபத்துக்கு வருகிறேன். அவர் மனத்தில் இருந்ததை நான் அறிய முடியாது. நீங்கள் விவரித்ததிலிருந்து எனக்குத் தெரிவது இவ்வளவு. அவர் காலையிலேயே வந்து, தவிட்டையும் புண்ணாக்கையும் உருட்டிப் போட்டு, அவை கரைந்து மீன் அணைவதற்காக ஒரு மணி நேரமாவது காத்திருந்திருப்பார். தூண்டிலில் பாதி வேலை அதுதான். அப்படி இரை போட்டுச் சேர்த்த இடம் அன்றைக்கு அவருடையது என்பது கரையில் உட்காரும் எல்லோரும் ஒப்புக்கொள்கிற வழக்கம். சட்டத்தில் அது இல்லை; ஆனால் காவிரியில் நான் பழகிய எந்தத் துறையிலும் அதை மறுத்துப் பேசியவரை நான் கண்டதில்லை. அவர் சேர்த்த மீனின் நடுவில் உங்கள் ஈயம் விழுந்தது. முதல் வீச்சிலேயே கூட்டம் கலைந்திருக்கும். பிறகு அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் எழுந்து போயிருப்பார்.

கலைந்த மீன் ஏன் உடனே திரும்புவதில்லை என்பதற்கு ஓர் உறுதியான செய்தியும் ஓர் ஊகமும் உண்டு. கெண்டை, கெளுத்தி இனங்களின் தோல் காயப்பட்டால் ஒரு வேதிப்பொருள் தண்ணீரில் கலக்கிறது; அதை உணர்ந்த மற்ற மீன்கள் பதறி ஒதுங்குகின்றன. தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ் இதைச் சிறு கெண்டை வகை மீன்களிடம் கண்டறிந்து 1938-ல் எழுதினார். ஆய்வகத்தில் இது பலமுறை உறுதிப்பட்டது. முள் குத்தித் தப்பிய ஒரு மீனால் நம் மடு முழுவதும் அரை நாள் அடங்கிப்போவதற்கும் அதுவே காரணம் என்பது என் ஊகம். வெட்டவெளியில் வேறு பல காரணங்களும் சேரலாம். எப்படியானாலும், மடுவில் ஒருவர் அவசரப்பட்டால் விலை கொடுப்பது அங்குள்ள எல்லோரும்தான்.

ஆறு பொது என்பது உண்மை. ஆனால் மீன்பிடிக்கும் உரிமை எல்லா இடத்திலும் அப்படியே பொது அல்ல. மேட்டூர் போன்ற அணைகளில் உரிமம் பெற்ற மீனவர்கள் இருக்கிறார்கள். ஏரி குளங்களை மீன்பாசி குத்தகைக்கு விடுகிறார்கள். ஆற்றிலும் தடுப்பணைத் தேக்கங்களிலும் யாருக்கு என்ன உரிமை என்பது இடத்துக்கு இடம் மாறும். முதல் முறை போகும் இடத்தில் ஊர்க்காரர் ஒருவரிடமோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ கேட்டுக்கொள்வது நல்லது. அணை, கதவணை, குடிநீர்க் கிணறு ஆகியவற்றின் அருகில் தடை அறிவிப்பு இருந்தால் அங்கே உட்காரவே வேண்டாம். ஒகேனக்கல் பக்கம் போனால் இன்னும் கவனம் தேவை. அங்கே ஆற்றின் சில பகுதிகள் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகின்றன. அனுமதியில்லாமல் தூண்டில் போடுவது குற்றம். காவிரிக்கே உரிய, முதுகில் திமில் போலப் புடைத்த மாசீர் மீன் அந்தப் பக்கத்து நீரிலும் வேறு சில இடங்களிலும் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. தற்செயலாகத் தூண்டிலில் பட்டால் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

சரி, ஒருவர் உட்கார்ந்திருக்கும் மடுவுக்குப் போனால் என்ன செய்வது? முதலில் தூண்டிலைப் பிரிக்காமல் சற்றுத் தொலைவில் நில்லுங்கள். அவர் திரும்பிப் பார்க்கும் வரை காத்திருங்கள். தக்கை துடிக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். பார்த்ததும், “ஐயா, இந்தப் பக்கம் எங்கே உட்காரலாம்?” என்று கேளுங்கள். “இங்கே உட்காரலாமா?” என்று கேட்பதைவிட இது நல்லது; இடத்தைச் சொல்லும் வாய்ப்பை அவருக்குக் கொடுக்கிறீர்கள். பெரும்பாலும், “அந்த மருத மரத்தடிக்குப் போங்கள் தம்பி, அங்கேயும் ஆழம் உண்டு” என்று அவரே வழி காட்டிவிடுவார். மூங்கில் கழிக்காரர்களுக்கு இடையே இரண்டு கழி நீளமாவது இடைவெளி வேண்டும். ரீல் வீசுபவர் அதைவிட அதிகமாகத் தள்ளிப்போக வேண்டும். அடுத்தவர் தக்கைக்கு அப்பால் குறுக்கே வீசவே கூடாது. மடு சிறியதாக இருந்து, ஏற்கெனவே ஒருவர் இருந்தால், அன்றைக்கு அந்த மடு நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்ததைத் தேடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பக்கத்தில் இருப்பவருக்குப் பெரிய மீன் மாட்டிவிட்டால் உங்கள் தூண்டிலைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். மீன் எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு நரம்பும் பின்னிக்கொண்டால் இருவருக்கும் நட்டம். கரைக்கு வரும் மீனைப் பிடித்துக் கொடுக்க ஓடாதீர்கள். அவர் கேட்டால் மட்டும் இறங்குங்கள். கடைசி நேரத்தில் வேறு ஒருவர் நரம்பைத் தொட்டு மீன் அறுந்து போனதால் பேச்சுவார்த்தையே முறிந்த கதைகள் கரையில் உண்டு. அடுத்தவர் பையைத் திறந்து பார்ப்பதும், எத்தனை விழுந்தது என்று எண்ணிச் சொல்வதும் பழைய ஆட்கள் பலருக்குப் பிடிக்காது. கண்ணேறு என்ற நம்பிக்கை சிலருக்கு. அது உங்களுக்கு இல்லாவிட்டாலும் மதித்துவிட்டுப் போவதில் ஒன்றும் குறைந்துவிடாது. கைபேசியில் பாட்டுப் போடாதீர்கள். நல்ல மடுவைக் காட்டிக் கொடுத்தவரின் இடத்தைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது கடைப்பருவ மடுக்களை அதிகம் கெடுப்பது இதுதான். ஒரு காணொளி பரவினால் அடுத்த ஞாயிறு அங்கே இருபது பேர் நிற்பார்கள். மூன்றாவது ஞாயிறு அங்கே மீன் இருக்காது.

வலைக்காரர்களுக்கு நம்மைவிட முன்னுரிமை உண்டு. நமக்கு இது பொழுதுபோக்கு, அவர்களுக்கு அன்றைய அரிசி. தண்ணீர் வற்றும் இந்த மாதங்களில் அவர்களின் பரப்பும் சுருங்கிவிடுகிறது. பரிசலில் ஒருவர் உங்கள் பக்கம் வந்தால் அவர் கேட்பதற்கு முன்பே தூண்டிலை எடுத்துவிடுங்கள். வீச்சு வலை வீசப்போகிறவர் உங்களைப் பார்த்துத் தயங்கினால் எழுந்து வழி விடுங்கள். மாலையில் கட்டிய நீட்டு வலை காலை வரை தண்ணீரில் இருக்கும். வரிசையாக மிதக்கும் தக்கைகளோ பிளாஸ்டிக் புட்டிகளோ தெரிந்தால் அந்தப் பக்கம் வீசாதீர்கள். அப்படியும் உங்கள் முள் வலையில் மாட்டிவிட்டால் இழுக்காதீர்கள், வலையை அறுக்காதீர்கள். உங்கள் நரம்பை அறுத்துவிடுங்கள். ஒரு முள் சில ரூபாய். வலையில் விழுந்த ஓட்டையை அடைக்க அவர் ஊசியும் நூலுமாக உட்கார வேண்டும், அந்த நேரத்துக்கு அவருக்குக் கூலி இல்லை. வலைக்காரரைக் கண்டுபிடித்து, முள் உள்ளே இருக்கிறது என்று சொல்லியும்விட வேண்டும். தெரியாமல் வலையை உருவும்போது உள்ளங்கையில் ஏறிவிடும்.

படித்துறைகளை விட்டு விலகியிருங்கள். தண்ணீர் குறைந்த காலத்தில் குளிக்கவும் துவைக்கவும் வருபவர்களும் அதே மடுவுக்குத்தான் வருகிறார்கள். பெண்கள் குளிக்கும் துறைக்கு எதிர்க்கரையில் உட்கார்ந்துகொண்டு, நான் தக்கையைத்தானே பார்க்கிறேன் என்று சொல்வது நியாயமல்ல. அவர்கள் வந்தால் நாம்தான் எழ வேண்டும். தை அமாவாசை, மாசி மகம் நாள்களில் தர்ப்பணத்துக்கு வருபவர்கள் இருக்கும் துறைப் பக்கமே போகாதீர்கள். கோயிலை ஒட்டிய துறைகளில் மக்கள் பொரி போட்டுப் பழக்கிய மீன்கள் காலடிக்கே வரும். அவற்றைத் தூண்டிலில் எடுப்பது எளிது. பார்ப்பவர் மனம் எவ்வளவு நோகும் என்று நினைத்தால் எடுக்க மனம் வராது.

அடுத்து, பிடித்ததை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது. நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் இந்தப் பருவத்தில் தவிர்க்க முடியாத கேள்வி. “எப்படியும் வற்றிச் சாகப்போகும் மீன்தானே, அள்ளிக்கொள்ளலாம்” என்று கரையில் அடிக்கடி சொல்வார்கள். சிறிய குட்டைகளுக்கு இது உண்மை. கணுக்கால் அளவுத் தண்ணீரில் சிக்கிய மீனைப் பங்குனி வெயில் விட்டுவைக்காது. ஆனால் ஆழமான மடுக்களில் தப்பிப் பிழைக்கும் மீன்கள்தான் மறுபடி தண்ணீர் வந்ததும் முட்டையிட்டு ஆற்றை நிரப்ப வேண்டியவை. பெரிய கெண்டைகளில் பல இனங்கள் புதுவெள்ளத்தை எதிர்பார்த்துத்தான் இனப்பெருக்கத்துக்குக் காத்திருக்கின்றன. எந்த மடு கோடையைத் தாண்டும், எது வற்றும் என்பது பிப்ரவரியில் நின்று பார்த்தால் தெரியாது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியும். அவரிடம் கேளுங்கள். வற்றாத மடு என்றால் வீட்டுக்குத் தேவையான ஒரு குழம்புக்கு மட்டும் எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். மேல்மட்டத்தில் செந்நிறமாகத் திரண்டு நீந்தும் விரால் குஞ்சுகளைக் கண்டால் அந்த இடத்தில் தூண்டிலே போடாதீர்கள். அடியில் தாயும் தந்தையும் காவல் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் குஞ்சுகள் ஒரே நாளில் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

பிடித்துப் பிடித்து விட்டுவிடலாமே என்பதும் கோடையில் சரியான தீர்வு அல்ல. சூடான, ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் நீண்ட நேரம் போராடி வந்த மீன், விட்டதும் நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிறகு இறந்துபோகும் வாய்ப்பு அதிகம். தண்ணீரின் சூடு ஏறினால் இந்த இழப்பும் ஏறுகிறது என்பது பல மீன் இனங்களில் உறுதியான செய்தி. விடப்போகிற மீனை விரைவாகக் கரைக்குக் கொண்டு வாருங்கள், கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். கெளுத்தியாக இருந்தால் முதுகிலும் இரண்டு பக்கச் செட்டைகளிலும் உள்ள முட்களைக் கவனியுங்கள். பின்பக்கத்திலிருந்து கையைக் கொண்டுபோய், பக்க முட்களுக்குப் பின்னால் கட்டைவிரலும் நடுவிரலும் அணைய, முதுகு முள் ஆள்காட்டி விரலுக்கு முன்னால் நிற்கும்படி பிடித்தால் குத்தாது. தேளியின் முள்ளில் நஞ்சு உண்டு. அதை வெறுங்கையால் தொடவே வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியும், தொட்டிகளிலிருந்து ஆற்றுக்கு வந்துவிட்ட, ஓடு போன்ற தோலுள்ள டேங்க் கிளீனர் மீனும் கிடைத்தால் மறுபடி ஆற்றில் விடாதீர்கள். இரண்டும் நம் ஆற்றுக்குச் சொந்தமில்லாதவை, இங்குள்ள மீன்களுக்குக் கேடு செய்பவை. டேங்க் கிளீனரை மணலில் துடிக்கவும் விடாதீர்கள். தலையில் ஓங்கி ஓர் அடி அடித்து உடனே கொன்று, புதைத்துவிடுங்கள்.

அறுந்த தங்கூசியை ஒரு முழம்கூடக் கரையில் விடக் கூடாது. தண்ணீர் வற்றிய பின் அந்த மணலில்தான் மாடுகள் மேய்கின்றன, கொக்குகள் நடக்கின்றன, நீர்நாய்கள் கரையேறுகின்றன. காலில் சுற்றிய நரம்பு இறுகி விரலையே அழுகச் செய்துவிடும். நான் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவைப் பையில் வைத்திருக்கிறேன். என்னுடையதும் மற்றவர் விட்டுப்போனதும் அதற்குள் போகும்.

தோட்டா வெடித்தோ மருந்து கலக்கியோ மீன் பிடிப்பவர்களைச் சில இடங்களில் பார்க்க நேரலாம். தண்ணீர் சுருங்கிய மடுவில் இதைச் செய்தால் குஞ்சு, சினை மீன் என்று எதுவும் மிஞ்சாது. 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே வெடியையும் நஞ்சையும் குற்றம் என்கிறது. மின்கம்பியைத் தண்ணீரில் விடுபவர்களும் உண்டு; அப்படி ஒரு கம்பி தெரிந்தால் தண்ணீரைத் தொடாமல் உடனே விலகுங்கள். இவர்களோடு தனியாக வாதிட வேண்டாம். அங்கிருந்து நகர்ந்து, ஊர்ப் பெரியவர்களுக்கும் காவல் நிலையத்துக்கும் மீன்வளத் துறைக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட சில விஷயங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் வெளியிலிருந்து முழங்கால் ஆழம் போலத் தெரியும். அடுத்த அடியில் ஆள் மூழ்கும், விளிம்பு மணலும் சரியும். மாட்டிய முள்ளை எடுப்பதற்காக அவற்றில் இறங்காதீர்கள். அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. தண்ணீர் வற்றினால் அவையும் ஆழமான மடுக்களுக்கே வந்து சேர்கின்றன. அங்கே தண்ணீர் விளிம்பில் குந்தி மீன் கழுவுவது ஆபத்து. தண்ணீர் நிறுத்திய காலம் என்று நம்பி மணல் திட்டில் போய் உட்காருபவர்கள் இதையும் நினைவில் வையுங்கள்: குடிநீருக்குத் திடீரென்று கூடுதலாகத் திறந்தாலோ, திருச்சிக்கு மேலே உள்ள மாயனூர் கதவணையில் மதகு தூக்கினாலோ, மேற்கே கோடை மழை பெய்து காவிரியில் கலக்கும் அமராவதியில் தண்ணீர் வந்தாலோ ஓடை உயரும், திட்டு தீவாகிவிடும். உட்கார்ந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் நுரையும் மிதந்து வந்தாலோ, குச்சி நனைந்த அடையாளம் ஏறினாலோ சாமான்களைச் சேகரித்துக்கொண்டிருக்காமல் கரையேறுங்கள். ஏறும்போது கீழே அடுத்த திட்டில் இருப்பவருக்குக் கேட்கும்படி, “தண்ணீர் வருகிறது, ஏறுங்கள்!” என்று உரக்கக் கூவுங்கள், அவர் கையசைத்துப் பதில் சொல்லும் வரை கூவுங்கள். அவருடைய மீன் கலைந்துவிடுமே என்று அந்த நேரத்தில் மட்டும் தயங்க வேண்டாம்.